இந்த மூலைக்கடை முன்பு பப்பாக இருந்ததா? வெளியே நின்றே கண்டுபிடிக்கலாம்

லண்டனில் நீங்கள் பாலும் ரொட்டியும் வாங்கும் மூலைக்கடை ஒரு காலத்தில் பப்பாக இருந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள உள்ளே போய்ப் பயனில்லை, பப்பை அறை அறையாகப் பிரித்த தடுப்புகளையெல்லாம் என்றைக்கோ இடித்திருப்பார்கள். எதிர்ப்பக்கம் நின்று, கடை போர்டை விட்டுவிட்டு அதற்கு மேலேயும் கீழேயும் பாருங்கள்.

முதலில் கூரையோரம். சாந்திலோ சுடுமண்ணிலோ புடைப்பாக ஒரு பெயரோ ஆண்டோ இருக்கலாம். கிழக்கு லண்டன் என்றால் 'ட்ரூமன், ஹான்பரி, பக்ஸ்டன்' என்ற எழுத்துகளைத் தேடுங்கள். பிரிக் லேனில் பீர் காய்ச்சிய கம்பெனி அது. ஏராளமான பப்கள் இப்படிப்பட்ட ஆலைகளுக்கே சொந்தமாக இருந்ததால் கட்டடமே விளம்பரம்தான். சுவரிலிருந்து சும்மா நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புச் சட்டம் தெரிந்தால், பெயர்ப்பலகை அதில்தான் தொங்கியிருக்கும்.

அப்புறம் கதவுகள், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். விக்டோரியா காலத்துப் பப்பில் தொழிலாளிகளுக்கு ஒரு பார், கொஞ்சம் கூடுதல் காசு கொடுக்கிறவர்களுக்கு வசதியான சலூன் பார், ஜாடி கொண்டுவந்து பீர் வாங்கிப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன வாசல் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தார்கள், குடிக்கிற இடத்திலும் யார் யாரோடு சேரலாம் என்கிற கணக்கு! அதனால் ஒரு சின்னக் கடைக்குத் தேவைக்கு அதிகமான வாசல்கள் இருந்தாலோ, தேய்ந்த கல்படி ஒன்று ஏறிப்போய் ஜன்னலில் முட்டி நின்றாலோ சந்தேகப்படுங்கள். தரைத்தளத்தில் மட்டும் பச்சை, பழுப்பு நிறத்தில் பளபளக்கும் டைல்ஸ் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். லண்டன் புகைக்கரியைத் துடைத்தெடுக்க அது வசதி.

நடைபாதையையும் பாருங்கள். சுவரை ஒட்டி இரட்டைக் கதவு போல ஒரு மூடி இருந்தால் பீரை நிலவறைக்கு இறக்கிய வழியாக இருக்கலாம். முழுப் பீப்பாய் என்றால் 36 கேலன், கிட்டத்தட்ட 164 லிட்டர், அதைப் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

இங்கிலாந்தில் 2017 மே வரை பப்பைக் கடையாக்கப் பெரும்பாலும் திட்ட அனுமதி தேவைப்படவில்லை, வெளித்தோற்றத்தை மாற்றத்தான் அனுமதி கேட்க வேண்டும். சூப்பர்மார்க்கெட்டுகள் பல பப்களை எடுத்துக்கொண்டும் முகப்பு அப்படியே நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் மூலையில் வாசல் இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், வங்கிகளுக்கும் அது உண்டு. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டிஷ் அரசு நில அளவை அமைப்பின் பழைய வரைபடங்கள் இலவசம். உங்கள் தெருவைத் திறந்து, அந்த மூலையில் 'பி.எச்.' (P.H.) என்று போட்டிருக்கிறதா பாருங்கள், 'பப்ளிக் ஹவுஸ்', அதாவது பப் என்பதன் சுருக்கம் அது.