நகராட்சி வண்டி ஷெட்டில் பழைய டீசல் டேங்க்கை மாற்றும்போது

செட்டிநாட்டுப் பக்கம் இந்த வேலைக்கு ஏற்ற காலம் சித்திரையும் வைகாசியும்தான். ஐப்பசி மழை பிடித்தால் தோண்டிய குழியில் தண்ணீர் நின்று, காலி டேங்க் மிதந்துவிடும். ஆகவே பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான பெசோவுக்கு (PESO) வரைபடத்தைப் பல மாதம் முன்பே அனுப்புங்கள். ஒப்புதல் வராமல் மண்ணைத் தொடாதீர்கள்.

முதலில் டீசலை இறைத்து, அடியில் தங்கிய கசடையும் எடுக்க வேண்டும். கசடு அபாயக் கழிவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதித்தவர்களிடம்தான் போக வேண்டும். "டீசல்தானே, பெட்ரோல் மாதிரி பற்றாது" என்று கேஸ் கட்டரை வைப்பதுதான் பெரிய ஆபத்து. சுவரில் ஒட்டிய எண்ணெய்ப் படலம் அந்தச் சூட்டில் ஆவியாகி வெடிக்கும். ப்ளோயர் ஓட்டி, டேங்க்கின் மேல், நடு, அடி மூன்றிலும் கேஸ் மீட்டரில் ஆவியை அளந்து, வெடிப்பு எல்லையில் (காற்றில் ஆவி பற்றத் தொடங்கும் குறைந்தபட்ச அளவில்) 10 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே மேலே தூக்குங்கள். உள்ளே ஆள் இறங்குவதாக இருந்தால் ஆக்சிஜனையும் அளக்க வேண்டும். மேலே ஒருவர் கயிற்றோடு நிற்க வேண்டும்.

செம்புராங்கல் பூமி காய்ந்திருக்கும்போது செங்குத்தாக நிற்கும். அதை நம்ப வேண்டாம்: பழைய டேங்க்கைச் சுற்றிப் போட்ட மணல் சரியும். பலகை கட்டி முட்டுக் கொடுங்கள். டீசல் வாடை அடிக்கும் மண்ணைத் தார்ப்பாயில் தனியாகக் குவித்து, மூடி வையுங்கள். மழையில் கரைந்து வரத்துக்காலில் இறங்கினால், அது ஊருணியில்தான் போய் நிற்கும்.

இனி கணக்கு. 20,000 லிட்டர் டேங்க் முழுக்க மூழ்கினால் தண்ணீர் அதைச் சுமார் 20 டன் விசையில் மேலே தள்ளும். டேங்க்கின் சொந்த எடை இரண்டரை டன் அளவே. மீதியைக் கீழ்த்தளக் கான்கிரீட்டும் மேல்மண்ணும் பிடிக்க வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்: கன மீட்டருக்கு 2.4 டன் உள்ள கான்கிரீட், தண்ணீருக்குள் 1.4 டன் பலம்தான் தரும். 8 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 30 செ.மீ. கனத் தளம் என்றால் கையில் நிற்பது 10 டன். டேங்க்கைத் தளத்தோடு பட்டை போட்டு இறுக்குங்கள். பட்டைக்கு அடியில் ரப்பர் வையுங்கள், இல்லாவிட்டால் கோட்டிங் தேய்ந்து அங்கேயே துரு பிடிக்கும்.

புது டேங்க்கை இறக்கும் முன், தரையில் வைத்தே 3 முதல் 5 பி.எஸ்.ஐ. காற்றேற்றி, வெல்டிங் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி பாருங்கள். எண்ணெய் பட்ட டேங்க்கில் இந்தக் காற்றுச் சோதனை கூடவே கூடாது. தளத்தின் மேல் 30 செ.மீ. கல்லில்லாத மணல் மெத்தை போடுங்கள். டேங்க்கின் அடிவயிற்றுக்குக் கீழே மணலைக் கையால் திணித்துக் குத்த வேண்டும். அங்கே பொந்து விட்டால் டேங்க் அமிழ்ந்து பைப் ஜாயின்ட் விடும். பைப்புகள் டேங்க்கை நோக்கி 100-க்கு 1 சரியட்டும். வெண்ட் பைப் (ஆவி வெளியேறும் குழாய்) தரைக்கு மேல் குறைந்தது 4 மீட்டர்.

முதல் பெருமழைக்கு மறுநாள் டிப் ராடு (மட்டம் அளக்கும் கோல்) நுனியில் வாட்டர் பேஸ்ட் (தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசை) தடவி இறக்குங்கள். நிறம் மாறிய உயரம்தான் அடியில் நிற்கும் தண்ணீர். மாறியிருந்தால் முதலில் டீசல் ஊற்றும் ஃபில் பைப் மூடியின் வாஷரைப் பாருங்கள்.