அடையாளம் தெரியாத சடலம்: டிஎன்ஏவை வைத்துப் பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி

1981 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் ட்ராய் ஊருக்கு அருகே, சாலையோரப் பள்ளத்தில் ஓர் இளம்பெண்ணின் சடலம் கிடந்தது. மான்தோல் மேல்சட்டை அணிந்திருந்ததால் 37 ஆண்டுகள் அவருக்கு 'பக்ஸ்கின் கேர்ள்' என்றே பெயர். 2018-இல், அடையாளம் தெரியாத சடலங்களுக்குப் பெயர் தேடும் 'டிஎன்ஏ டோ ப்ராஜெக்ட்' அமைப்பின் தன்னார்வலர்கள் சில மணி நேரத்தில் உண்மைப் பெயரை எட்டினார்கள். பிரேதப் பரிசோதனையில் எடுத்த ரத்தம் பத்திரமாக இருந்தது, டிஎன்ஏ பொருந்தியவர்களின் பட்டியலில் நெருங்கிய சொந்தமும் இருந்தது. பெரும்பாலான வழக்குகளில் இந்த இரண்டும் வாய்ப்பதில்லை.

முதலில் கைரேகை, பல் பதிவு, அமெரிக்காவின் காணாமல்போனோர் பட்டியலான நாமஸ், காவல்துறையின் டிஎன்ஏ தரவுத்தளமான கோடிஸ் ஆகியவற்றில் தேடி முடியுங்கள். கோடிஸ் பார்ப்பது டிஎன்ஏவில் 20 இடங்களை மட்டும்; பெற்றோர், பிள்ளை போன்ற மிக நெருங்கிய உறவைத்தான் அது காட்டும். தூரத்துச் சொந்தத்தைப் பிடிக்க ஆளுக்கு ஆள் ஓர் எழுத்து மாறும் டிஎன்ஏ இடங்களான எஸ்என்பி புள்ளிகள் லட்சக்கணக்கில் வேண்டும்.

எலும்பு மட்டுமே மிஞ்சியிருந்தால், உள்காதைச் சூழ்ந்துள்ள பெட்ரஸ் எலும்பையோ சொத்தையில்லாத கடைவாய்ப் பல்லையோ எடுங்கள். உடம்பிலேயே அடர்த்தியானவை என்பதால் அவற்றில் டிஎன்ஏ நீடிக்கும். மேற்பரப்பைச் சுரண்டி, ப்ளீச்சால் துடைத்த பிறகே பொடியாக்க வேண்டும். இல்லாவிட்டால் எலும்பைத் தொட்டவரின் டிஎன்ஏ கலந்து, அவருடைய சொந்தக்காரர்கள் பட்டியலில் வந்து நிற்பார்கள். மண்ணில் கிடந்த எலும்பில் வரும் டிஎன்ஏவில் பெரும்பகுதி பாக்டீரியாவுடையது. ஆகவே மொத்த அளவைப் பார்த்து ஏமாறாமல், மனித டிஎன்ஏவைத் தனியே அளக்கவும். எஸ்என்பி புள்ளிகளைப் படிக்கும் வழக்கமான டிஎன்ஏ சிப்புக்குச் சுமார் 200 நானோகிராம் தேவை. அவ்வளவு இல்லை, அல்லது துண்டு துண்டாகச் சிதைந்திருக்கிறது என்றால் முழு மரபணு வரிசைப்படுத்தல்தான் வழி.

கிடைத்த டிஎன்ஏ கோப்பை, மக்கள் சொந்தம் தேடித் தங்கள் டிஎன்ஏவைப் பதிந்துவைக்கும் தளங்களில், ஜெட்மேட்ச், ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ போன்ற, காவல்துறைத் தேடலை அனுமதிக்கும் தளங்களில் மட்டும் ஏற்றுங்கள். ஆன்செஸ்ட்ரியும் 23அண்ட்மீயும் இதை ஏற்பதில்லை.

டிஎன்ஏ பொருந்தியவர்களின் பட்டியல் வரும்; அதில் உறவின் நெருக்கம், பகிர்ந்துள்ள டிஎன்ஏவின் அளவான சென்டிமார்கன் கணக்கில் இருக்கும். ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகளுக்குள் சராசரி சுமார் 870, கொள்ளுத் தாத்தா பொதுவானால் 230, எள்ளுத் தாத்தா என்றால் 70. ஆனால் 870 என்பது, அப்பாவுக்குத் தாய் அல்லது தந்தை மட்டும் பொதுவான அவருடைய சகோதரராகவும் இருக்கலாம். எண்ணை வைத்து உறவுமுறையை முடிவு செய்யாதீர்கள்.

பொருந்தியவர்களில் யார் யாரோடு பொருந்துகிறார்கள் என்று பார்த்து அவர்களைக் குழுக்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் பொதுவான மூதாதைத் தம்பதியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எல்லாக் கிளைகளையும் கீழ்நோக்கி எழுதுங்கள். வாரக்கணக்கில் நேரம் தின்பது இந்த வேலைதான். அப்பா வழிக் குழுவின் வாரிசும் அம்மா வழிக் குழுவின் வாரிசும் கல்யாணம் செய்துகொண்ட இடத்தில் நீங்கள் தேடும் குடும்பம் இருக்கிறது.

அந்தத் தம்பதியின் பிள்ளைகளில் பாதியில் பதிவுகளிலிருந்து காணாமல்போனவர் யார்? பழைய செய்தித்தாள் மரண அறிவிப்புகளைத் தேதி வரிசையில் வையுங்கள். தாத்தா இறந்தபோது பேத்திகள் பெயரில் இருந்தவர், பதினைந்து வருடம் கழித்து அம்மா இறந்தபோது உயிரோடிருக்கும் பிள்ளைகளிலும் இல்லை, முன்பே இறந்தவர்களிலும் இல்லை என்றால், அங்கே நிறுத்தி அவரைத் தேடுங்கள். அறிவிப்பு எழுதியவரின் கைதவறலாகவும் இருக்கலாம், எனவே திருமணப் பதிவு, முகவரிப் பதிவு இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

தத்தெடுப்பும் மறைக்கப்பட்ட தந்தைமையும் இந்தக் குடும்ப மரத்தைத் திசைதிருப்பும். அதைவிடப் பெரிய சிக்கல் சொந்தத்துக்குள் திருமணம். மாமன் மகள், அக்கா மகளைக் கட்டும் வழக்கம் தலைமுறைகளாகத் தொடர்ந்த நம் குடும்பங்களில் தூரத்துச் சொந்தமும் நெருங்கியவர்போல எண்ணைக் காட்டும். மொத்தத்தை நம்பாமல், 20 சென்டிமார்கனுக்கு மேற்பட்ட நீண்ட துண்டுகளை முக்கியமாகப் பாருங்கள். இந்தத் தளங்களின் பயனர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதால் மற்றவர்களுக்குப் பட்டியலே மெலிந்துதான் வரும்.

இத்தனைக்குப் பிறகும் கையில் இருப்பது ஒரு துப்பு மட்டும். இரண்டு சகோதரிகளில் யார் என்று மரம் சொல்லாது. காவல்துறை அதிகாரி குடும்பத்தை நேரில் சந்தித்து, தாயோ உடன்பிறந்தவரோ சம்மதித்தால் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் தடவி மாதிரி எடுப்பார். அதைச் சடலத்தின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டு, கிடைத்தால் பல் பதிவையும் சேர்த்துப் பார்த்து, மரண விசாரணை அதிகாரி கையெழுத்திடும் வரை அந்தப் பெயரை வெளியே யாரிடமும் சொல்லாதீர்கள்.