பழைய பைக்குக்கு செயின் ஸ்ப்ராக்கெட் மாத்துனது, என் அனுபவம்

என் பழைய பைக்ல செயின எவ்வளவு டைட் வச்சாலும் ஒரு இடத்துல விறைப்பா நிக்கும், வீல சுத்துனா இன்னொரு இடத்துல தொங்கும். பின் வீல் ஸ்ப்ராக்கெட்ல, அதாவது செயின் ஓடுற பல்சக்கரத்துல, பல்லு எல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு கொக்கி மாதிரி ஆயிருந்துச்சு. இப்படி இருக்கும்போது செயின மட்டும் மாத்துனா தேஞ்ச பல்லு புதுசையும் சீக்கிரமே தின்னுடும், அதனால செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூணையும் சேத்தே மாத்திட்டேன்.

அந்த மாடலுக்கு ரெடி செட் கிடைக்கல, அளந்து பாத்துதான் தேடுனேன். செயின் லிங்க்க கோக்குற ஒரு பின்னோட (pin) நடுவுலருந்து அடுத்த பின்னோட நடு வரைக்கும் 12.7 மி.மீ. வந்தா 420, 428-ங்கிற சைஸ் நம்பர் வகை, 15.875 வந்தா 520, 530 வகை. செயின் தேஞ்சா நீளும், அதனால ஒரே லிங்க்க அளக்காதீங்க, நான் 20 லிங்க் சேத்து இழுத்து புடிச்சு அளந்தேன், 254 மி.மீ. இருக்க வேண்டியது 259-ஐ தாண்டிடுச்சு. உள் அகலத்தையும் பாருங்க, 428-ல கிட்டத்தட்ட 7.9, 420-ல 6.35தான்.

முன் ஸ்ப்ராக்கெட்டுக்கு பல்லு எண்ணிக்கை மட்டும் போதாது, உள்ள இருக்கிற ஸ்ப்ளைன் (ஷாஃப்ட்ல மாட்டுற வரிப்பள்ளம்), ஆஃப்செட் (பல்லு பக்கவாட்டுல எவ்வளவு தள்ளி இருக்குங்கிறது) ரெண்டும் பழசோட வச்சு பாக்கணும், இல்லன்னா சரியா மாட்டாது, இல்ல செயின் லைன் விலகிடும். ரேஷியோவ, அதாவது பின் பல்ல முன் பல்லால வகுத்தா வர்ற கணக்க, நான் தொடல. முன்னாடி 15, பின்னாடி 45 பல்லுன்னா 3.0, முன்னாடி ஒரு பல்லு கொறச்சாலே 3.21 ஆயிடும், பிக்கப் நல்லாருக்கும் ஆனா ஹைவேல இன்ஜின் அலறும்.

ஓ-ரிங் செயின் (கிரீஸ் வெளிய போகாம லிங்க்குக்கு நடுவுல ரப்பர் வளையம் வச்சது) போட ஆசையா இருந்துச்சு, ஆனா அது அகலம் ஜாஸ்தி, இன்ஜின் கேஸ்ல உரசும்னு தெரிஞ்சு சாதா செயினே போட்டேன். செயினோட ரெண்டு முனையையும் சேக்குற லிங்க்ல மாட்டுற லாக் கிளிப்போட மூடுன பக்கம் செயின் ஓடுற திசைய பாத்து இருக்கணும்.