ஆயர் சிகெல்ம் மயிலாப்பூர் வந்தாரா? எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாந்தோம் வரலாற்றைச் சொல்லும்போது அடிக்கடி கண்ணில் படும் ஒரு வரி: "883-இல் இங்கிலாந்து மன்னர் ஆல்ஃப்ரெட், ஷெர்போர்ன் ஆயர் சிகெல்மை மயிலாப்பூருக்கு அனுப்பினார்." (ஷெர்போர்ன் தென் இங்கிலாந்தில் உள்ள ஊர்.) படிக்க இனிக்கும் வரிதான். ஆனால் அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள்.

முதலில் மூலத்தைப் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் ஆண்டுவாரியாக எழுதப்பட்ட ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பில் 883-க்கு நேரே இருப்பது சில வரிகளே. லண்டனில் எதிரிப் படைக்கு எதிராகப் பாளையம் இறங்கியிருந்தபோது ஆல்ஃப்ரெட் ஒரு நேர்த்திக்கடன் வைத்தார். அந்தக் காணிக்கையைச் சிகெல்ம், ஆத்தெல்ஸ்டன் என்ற இருவர் ரோமுக்கும், இந்தியாவில் புனித தோமா, புனித பர்த்தலமேயு ஆகியோருக்கும் கொண்டுபோனார்கள். சிகெல்ம் ஆயர் என்று அங்கே இல்லை. மயிலாப்பூர் இல்லை. திரும்பி வந்த சேதியும் இல்லை.

பிறகு ஆயர் பட்டம் எங்கிருந்து வந்தது? ஏறத்தாழ 240 ஆண்டுகள் கழித்து எழுதிய மாம்ஸ்பெரி வில்லியம் என்ற துறவியிடமிருந்து. ஷெர்போர்ன் ஆயர் சிகெல்ம் இந்தியா சென்று மணிக்கற்களோடு திரும்பினார் என்றும், அவற்றில் சில அப்போதும் ஆலயத்தில் இருந்தன என்றும் அவர் எழுதினார். அந்தப் பெயரில் ஷெர்போர்னில் ஓர் ஆயர் இருந்தது உண்மை. ஆனால் அவர் 920-களிலும் 930-களின் தொடக்கத்திலும் இருந்தவர். ஆல்ஃப்ரெட்டின் பேரன் காலத்து சாசனங்களில் சாட்சியாக வருகிறார். பெயர் ஒன்றாக இருந்ததால் இருவரும் ஒருவராகிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதில் நான் அதிகம் மதிக்கும் சாட்சி ஆசர். ஆல்ஃப்ரெட் மன்னரோடு பழகியவர், 893-இல் அவருடைய வாழ்க்கையை எழுதியவர், பின்னால் அதே ஷெர்போர்னுக்கு ஆயரானவர். இந்தியப் பயணம் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

'இந்தியா' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். சில கையெழுத்துப் பிரதிகளில் அந்த இடத்தில் 'யூதேயா' என்றே இருக்கிறது. 'இந்தியா' என்பதே சரியான பாடம் என்றாலும், அக்கால ஐரோப்பியர் எத்தியோப்பியாவையும் அரேபியாவையும்கூட அந்தப் பெயரால் குறித்ததுண்டு. மயிலாப்பூர் என்பது பின்னால் வந்தவர்கள் ஊகித்துச் சேர்த்தது.

ஆல்ஃப்ரெட்டை 'இங்கிலாந்து மன்னர்' என்பதும் பிழை. அவர் தென் இங்கிலாந்தில் இருந்த வெசெக்ஸ் அரசின் மன்னர். தூது போன ஆத்தெல்ஸ்டனையும் அதே பெயருடைய அவருடைய பேரனையும் குழப்ப வேண்டாம்.

இவ்வளவும் தெரிந்தபின் "எல்லாம் கட்டுக்கதை" என்று தள்ளிவிடுவதையும் நான் தவறு என்றே சொல்வேன். தோமாவின் இந்தியக் கல்லறைக்குப் போய்வந்த ஒருவர் சொன்னதை 6-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் தூர் நகர ஆயர் கிரகோரி எழுதி வைத்திருக்கிறார். நம் பக்கத்திலோ 849-ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளி செப்பேடு இருக்கிறது: கொல்லத்தில் இருந்த கிறிஸ்தவ ஆலயத்துக்கு வேணாட்டை ஆண்ட ஐயனடிகள் அளித்த கொடை, வட்டெழுத்தில். அதில் அரபு, பஹ்லவி (பழைய பாரசீகம்), எபிரேய எழுத்துகளில் வணிகர்கள் சாட்சிக் கையொப்பம் இட்டிருக்கிறார்கள். 883-இல் மேற்கிலிருந்து யாராவது இந்தக் கரையில் இறங்கியிருந்தால், வழி சொல்ல ஆள் இருந்திருக்கும்.