அண்டார்க்டிகாவின் மாத சராசரி வெப்பநிலையைத் தொகுப்பது எப்படி?

அங்குள்ள இந்திய ஆய்வு நிலையமான மைத்ரியில் தொடங்குங்கள். உலக வானிலை அமைப்பின் பட்டியலில் அதன் எண் 89514. சில கிலோமீட்டர் தள்ளி ரஷ்யாவின் நோவோலசரெவ்ஸ்கயா நிலையம், எண் 89512. மைத்ரி 1989இல் வந்தது, ரஷ்ய நிலையம் 1961 முதல் இயங்குகிறது. ஒன்றின் பிழையை மற்றொன்று காட்டிக்கொடுக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்தே எடுங்கள்.

நிலையங்கள் 00, 06, 12, 18 மணிக்கு சினாப் செய்தி அனுப்பும். வானிலை அளவீடுகளை ஐந்து இலக்க எண் தொகுதிகளாகச் சொல்லும் குறியீட்டுச் செய்தி அது. எல்லாம் கிரீன்விச் நேரம். 00 மணி என்றால் சென்னையில் காலை 5.30. மணிக்கொரு அளவீடு தரும் தானியங்கி நிலையக் கோப்பை இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டால், 19 மணி முதல் 23 மணி வரையிலானவை மறுநாளுக்கு ஓடிவிடும், மாதக் கடைசியில் அடுத்த மாதத்துக்கே போய்விடும். அதனால் நேரத்தை மாற்றவே வேண்டாம்.

மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துவிட்டு, பிரதியில் வேலை செய்யுங்கள். எக்செலில் திறக்கும்போது எல்லா நெடுவரிசையையும் ‘டெக்ஸ்ட்’ என்று வையுங்கள். இல்லையென்றால், தெளிந்த வானமும் காற்றின்மையும் சொல்லும் 00000 என்ற தொகுதி வெறும் 0 ஆகிவிடும்.

அதிகம் தவறுவது வெப்பநிலைத் தொகுதியில்தான். 11235 என்று இருந்தால் முதல் 1 வெப்பநிலையைக் குறிக்கும், இரண்டாவது 1 பூஜ்யத்துக்குக் கீழ் என்று சொல்லும். ஆக மைனஸ் 23.5 டிகிரி. அதே இடத்தில் 10235 என்று தட்டியிருந்தால் பிளஸ் 23.5. நுங்கம்பாக்கத்தில் அது குளிர்கால விடியற்காலை. மைத்ரியில் நடக்காத காரியம். அதற்காக உடனே குறியை மாற்றிவிடாதீர்கள். ஆறு மணி நேரம் முன்பும் பின்பும் என்ன, பக்கத்து நிலையத்தில் என்ன என்று பார்த்து, பொருந்தினால் திருத்தி, திருத்தியதை எழுதிவையுங்கள். செய்தியின் கூடுதல் பகுதி தொடங்குவதைக் காட்டும் 333க்குப் பிறகு வரும் 1-இல் தொடங்கும் தொகுதி அதிகபட்ச வெப்பநிலை, அதைச் சராசரியில் சேர்க்கக் கூடாது.

4-இல் தொடங்கும் தொகுதி கடல்மட்ட அழுத்தம், ஆயிரத்தின் இலக்கம் அதில் விடுபட்டிருக்கும். 49823 என்பது 982.3 ஹெக்டோபாஸ்கல், 40052 என்பது 1005.2. 3,488 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரஷ்யாவின் வோஸ்டோக் நிலையம் போன்ற இடங்களுக்குக் கடல்மட்ட அழுத்தம் அர்த்தமற்றது, நிலைய அழுத்தத்தையே எடுங்கள். காற்றின் அலகை, தேதி-நேரத் தொகுதியின் கடைசி எண் சொல்லும்: 0, 1 என்றால் மீட்டர்/வினாடி, 3, 4 என்றால் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்).

தானியங்கி நிலையங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். நாள்கணக்கில் காற்று 0 என்றால் காற்றின் வேகம் அளக்கும் அனிமோமீட்டர் உறைந்திருக்கலாம். கோடையில் காற்று குறைந்த நேரத்தில், கீழே பனி வெயிலைத் திருப்பி அடிப்பதால் உணரி சூடேறி வெப்பநிலையைக் கூட்டிக் காட்டும். பனி குவியக் குவிய, பனிப்பரப்பிலிருந்து உணரியின் உயரமும் குறையும். உயரம் எப்போது அளக்கப்பட்டது என்பதைத் தரவோடு வாங்குங்கள்.

நாளுக்கு நான்கு வீதம் 30 நாள் மாதத்தில் 120 அளவீடுகள் இருக்க வேண்டும். 108க்குக் குறைந்தால், அதாவது 90 சதவீதத்துக்குக் கீழ் போனால், அந்தச் சராசரியைத் தனி நிறத்தில் காட்டுங்கள். விடுபட்ட இடத்தில் 0 போடாதீர்கள், ஊகித்தும் நிரப்பாதீர்கள்.

முடிவை, அண்டார்க்டிக் ஆராய்ச்சிக்கான சர்வதேச அறிவியல் குழுவான ஸ்கார் (SCAR) வெளியிடும் ரீடர் (READER) என்ற வானிலைத் தரவுத் தொகுப்போடு மாதவாரியாக ஒப்பிடுங்கள். 0.1 டிகிரிக்கு மேல் வேறுபட்டால் தேதி, மணி, மூலத் தொகுதி மூன்றையும் அப்படியே குறிப்பிட்டு, அந்த நிலையத்தை நடத்தும் நாட்டின் தரவு மையத்துக்கு எழுதுங்கள். கையெழுத்துப் பதிவேடு அவர்களிடம்தான் இருக்கும்.