கடல் இல்லாத ஊரில் பவளத்தொட்டி: முதல்முறை வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலோ தூத்துக்குடியிலோ பவளத்தொட்டி, அதாவது பவள உயிரினங்களும் கடல்மீன்களும் வளரும் கடல்நீர்த் தொட்டி, வைப்பவர் கேனை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனால் நீர் கிடைத்துவிடும். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கம் இருக்கும் நமக்குக் கடல் என்பது ஒரு வாளி உப்புப் பொடியும் அதைக் கரைக்கும் நீரும்தான். இதை மறந்து, கண்ணாடிக்கும் விளக்குக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு நீரில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பதுதான் முதல் தொட்டி வைப்பவர்கள் செய்யும் பெரிய தவறு. நானும் அதைச் செய்தவன்தான்.

காரில் நான்கு கேன்களைப் போட்டுக்கொண்டு பாலக்காடு வழியாகப் பொன்னானிக்குப் போய் வந்துவிடலாமே என்று பலருக்கும் தோன்றுகிறது. பொன்னானியில் பாரதப்புழை கடலில் கலக்கிறது. பருவமழைக் காலத்தில் அந்தக் கரையில் மொண்டால் பாதிக்கு மேல் ஆற்று நீரும் சேறும்தான் வரும். கல்லுப்பைக் கரைத்துவிடலாம் என்பது இன்னொரு யோசனை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அதில் சுமார் 85 விழுக்காடு நாம் சமையலில் போடும் சோடியம் குளோரைடு என்றாலும், எஞ்சிய பங்கில் இருக்கும் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட் ஆகியவை இல்லாமல் பவள உயிரினம் எதுவும் நிலைக்காது. ஆகவே பவளத்தொட்டிக்கென்று விற்கும் கடலுப்புக் கலவையை வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தக் கலவையை எந்த நீரில் கரைக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். நம் பக்கத்துப் போர்வெல் நீர் பெரும்பாலும் கடினமானது. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதே அதற்குச் சாட்சி. சிறுவாணி நீர் குடிக்க அமிர்தம் என்றாலும், குழாயில் வரும்போது குளோரினோடு வருகிறது. வீட்டில்தான் ஆர்.ஓ. இருக்கிறதே என்று நினைப்பவர்கள் முதலில் அதன் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். பல கருவிகளில், வடிகட்டாத நீரில் சிறிதளவை வடிகட்டிய நீரோடு கலந்துவிடும் சிறு திருகு ஒன்று இருக்கும். சுவைக்காக மெக்கானிக் அதைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருப்பார். தாதுக்களைச் சேர்க்கும் குப்பியும் கூடவே இருக்கலாம். எல்லாவற்றையும்விட ஆபத்தானது, உடலுக்கு நல்லது என்று செம்பு சேர்த்துத் தரும் வகை. மீனுக்கு உறைக்காத அளவுச் செம்பே இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும். முதலில் வைத்த தொட்டியில் மூன்று இறால்கள் அடுத்தடுத்துச் செத்த பிறகுதான் எங்கள் சமையலறைக் கருவியின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நான் ஊன்றிப் படித்தேன்.

செம்பு சேர்க்காத ஆர்.ஓ. கருவியாக இருந்தால், அந்தத் திருகையும் தாதுக் குப்பியையும் விலக்கி எடுத்த நீரை எஞ்சிய உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் மணிகள் நிரப்பிய சிறு குழாய் ஒன்றின் வழியே விட்டால் போதும். நீரில் கரைந்துள்ள பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ரெசினை மாற்ற வேண்டும். நீரைத் தனி டிரம்மில் நிரப்பி, சிறு பம்பை ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நீரில் போட்டு, ஒரு நாள் கழித்தே தொட்டிக்கு எடுக்க வேண்டும். உப்பின் மேல் நீரை ஊற்றினால் கால்சியம் வெண்படிவாக அடியில் தங்கிவிடும்.

உப்பளவைப் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குவதை வீண்செலவு என்று யாரும் நினைக்க வேண்டாம். சொசைட்டிக்குப் பால் ஊற்றும் நண்பர் ஒருவர், வீட்டிலிருந்த லாக்டோமீட்டரையே, பாலின் அடர்த்தி பார்க்கும் கருவியையே, கடல்நீரில் மிதக்கவிட்டுக் காட்டினார். அது 25க்குச் சற்று மேல் நின்றது. அதில் 25 என்றால் 1.025 என்று பொருள்; கடல்நீரின் ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 முதல் 1.026 வரை என்பதால் கணக்குச் சரிதான். ஆனால் அதில் ஒரு கோடு தப்பினால் லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 கிராம் உப்பு தப்பிவிடும். பாலுக்கு அது பொறுக்கும், பவளத்துக்குப் பொறுக்காது.

ஆவியாதலுக்கு வருவோம். நீர்தான் ஆவியாகிறது, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. 60 லிட்டர் நீரில் 35 கிராம் வீதம் 2,100 கிராம் உப்பு இருக்கிறது. 6 லிட்டர் வற்றிவிட்டால் அதே உப்பு 54 லிட்டரில் நின்று, லிட்டருக்கு 39 கிராமை நெருங்கிவிடும். குறைந்த அளவை உப்புநீரால் நிரப்புபவர்கள் தொட்டியை மெல்ல மெல்ல உப்பளமாக்குகிறார்கள். நிரப்ப வேண்டியது டி.டி.எஸ். பூஜ்யமான நன்னீர்; அதையும் வாரம் ஒருமுறை ஒரேயடியாக ஊற்றாமல் நாள்தோறும் ஊற்ற வேண்டும். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு நேராக ஒரு டேப் துண்டை ஒட்டி வைத்தால் வீட்டில் உள்ள யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆடி மாதத்தில் இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்தாலே டேப் எவ்வளவு மேலே நிற்கிறது என்பது தெரியும்.

மேசையில் அடங்கும் 10, 15 லிட்டர்த் தொட்டி மலிவாகத் தெரிந்தாலும், கொஞ்சம் நீர் வற்றினாலே அதில் உப்பளவு சட்டென்று ஏறிவிடும் என்பதாலேயே அது புதியவருக்கு ஆகாது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரத்தில் உள்ளூர் மீன்தொட்டிக் கடையிலேயே ஒட்டித் தரச் சொன்னால் 70 லிட்டர் பிடிக்கும். கல்லுக்குப் போக 60 லிட்டராவது நிற்கும். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் இந்த அளவுக்குத் தேவையில்லை. வாரம் பத்து விழுக்காடு நீரை மாற்றினால் போதும். அந்தப் பணத்தில் தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் ஒன்றை வாங்கலாம்.

வெப்பத்தைச் சித்திரையில் தொட்டி வைப்பவர் உடனே உணர்வார். மார்கழியில் வைப்பவரே ஏமாறுவார். நீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது. ஈரோட்டிலும் கரூரிலும் கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில், மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் தொட்டி வைப்பது தெரிந்தே செய்யும் தவறு. நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வசதியில்லாதவர்கள் தரைத்தளத்தில் வெயில் படாத சுவரோரமாக வைத்து, மூடியை எடுத்துவிட்டு, நீர்ப்பரப்பின் மேல் சிறு விசிறியைத் திருப்பிவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் நன்னீர் ஊற்றும் வேலை அதனால் கூடும். சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே தங்கும் என்பதால், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் நிற்கும் நாளில் பேட்டரி ஏர் பம்பு இல்லாத தொட்டி தாங்காது. ஒயர்கள் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறும்படி இருக்க வேண்டும். ஒயரில் வழியும் உப்புநீர் பிளக்குக்குள் இறங்கிவிடக் கூடாது.

ராமேசுவரம் போய் வருபவர்கள் கரையில் கிடந்த பவளக்கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வருவதுண்டு. கல்பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. செத்த கல்லாக இருந்தாலும் அதை எடுத்து வருவது சட்டச் சிக்கல்தான். மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்று மலிவாக விற்கப்படும் லைவ் ராக்கையும் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்கல்லையும்) அதே காரணத்தால் தொடக்கூடாது. தொட்டிக்கென்று செய்யப்படும் செராமிக் கற்கள் போதும். அடியில் எம்.சாண்ட் போடக்கூடாது, மணலே இல்லாமல் வெறும் கண்ணாடியாக விடுவது மலிவு, சுத்தம் செய்யவும் எளிது. நாமக்கல் பக்கம் கோழித் தீவனத்துக்கு விற்கும் கிளிஞ்சலைப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சுண்ணாம்புச் சத்து என்ற அளவில் அது பொருந்தும். ஆனால் நான் வாங்கிய மூட்டையை ஏழு முறை அலசியும் நீர் சுண்ணாம்புத் தண்ணீராகவே இருந்தது.

கல்லும் நீரும் அமைந்தபின் மீன் வாங்க அவசரப்படக் கூடாது. பச்சை இறால் ஒன்றைப் போட்டு அழுகவிட்டால் அம்மோனியா உண்டாகும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக வேண்டும். இடையில் கண்ணாடியெல்லாம் பழுப்பாகப் படர்வதைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் கழுவிவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

குழந்தைகள் ஆசைப்பட்டுக் கேட்கும் நீல டேங் என்ற கடல்மீன் ஓரடி வளரக்கூடியது. இந்தத் தொட்டி அதற்குச் சிறை. பண்ணையில் பொரித்த கோமாளி மீன் ஒரு ஜோடியும், சில நத்தைகளும், மஷ்ரூம், ஸோவாந்தஸ் போன்ற கல்கூடு கட்டாத பவள இனங்களும் போதும். கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் நம் நாட்டிலேயே வகுத்திருப்பதால், கடலில் பிடித்ததை வாங்க வேண்டிய தேவையில்லை.

சென்னை கொளத்தூரிலிருந்து இரவுப் பேருந்தில் வரும் மீனைச் சொட்டுச் சொட்டாக நீர் விட்டு ஒரு மணி நேரம் பழக்குவது நல்லது என்று பலர் நம்புகிறார்கள். பல மணி நேரம் மூடியிருந்த பையில் மீனின் கழிவால் அம்மோனியா சேர்ந்திருக்கும். கூடவே சேர்ந்த கரியமில வாயு நீரின் பி.எச். அளவைத் தாழ்த்தி அந்த நஞ்சை அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அம்மோனியா முழு வீரியத்தோடு மீனைத் தாக்கும். அதனால் கடைக்காரரிடம் அவருடைய தொட்டியின் உப்பளவை முந்தைய நாளே கேட்டு, அதே அளவில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் நீர் தயாராக வைத்து, பையைத் திறக்காமல் அதில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, திறந்தவுடன் பைநீரை விட்டுவிட்டு மீனை மட்டும் டப்புக்கு மாற்ற வேண்டும். டப்பின் உப்பளவைத் தொட்டியின் அளவுக்கு உயர்த்துவதை அடுத்த சில நாட்களில் நிதானமாகச் செய்யலாம்.