இங்கிலாந்தில் பிள்ளைப்பேறு: உங்களுக்குப் பதிலாக வீட்டுக்காரர் பேச வேண்டாம்

ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவர்) பதிவு செய்து, மிட்வைஃப் (பேறுகாலச் செவிலி) புக்கிங்கும் போட்டுவிட்டால், ஸ்கேன் எல்லாம் வரிசையாக நடந்துவிடும். மகப்பேறு விலக்குச் சான்றிதழ் கேட்டு வாங்கிவிட்டால், பிள்ளை பிறந்து ஒரு வருடம் வரை மருந்துச் சீட்டுக்குக் காசு கிடையாது. இதையெல்லாம் உங்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே சொல்லிவிடுவார்கள். பிரசவத்தை ஒட்டி வரும் மனச்சோர்வைப் பற்றித்தான் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை.

ஊரில் வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீடு. பூண்டுக் குழம்பு, பத்தியம், பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட ஒரு பாட்டி. இங்கே சுகப்பிரசவம் என்றால் மறுநாளே, சில சமயம் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அம்மா பார்வையாளர் விசாவில் வந்தாலும் 6 மாதத்தில் கிளம்பியாக வேண்டும். டிசம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிற ஊரில், அதற்கப்புறம் பகலெல்லாம் நீங்களும் கைக்குழந்தையும்தான்.

பிறந்து 10 முதல் 14 நாளுக்குள் ஹெல்த் விசிட்டர் (தாயையும் சேயையும் கவனிக்கும் செவிலியர்) வீட்டுக்கு வருவார். 6 முதல் 8 வாரத்தில் ஜி.பி. பார்ப்பார். மனநிலையைப் பற்றியும் விசாரிப்பார்கள். பல இடங்களில், மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க 1987இல் வந்த எடின்பரோ கேள்வித்தாளைத்தான் பயன்படுத்துகிறார்கள். கடந்த 7 நாளைப் பற்றி 10 கேள்விகள். கடைசிக் கேள்வி, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது.

என் தோழி மாட்டியது இங்கேதான். தேனிப் பக்கம், தமிழ்வழியில் படித்தவள். ஆங்கிலம் புரியும், பேசக் கூச்சம். வீட்டுக்காரர் மொழிபெயர்க்க உட்கார்ந்தார், பக்கத்தில் மாமியார். அழுகை வருகிறதா என்று கேட்டதும், இவள் யோசிப்பதற்குள் "ஷி இஸ் ஃபைன், ஜஸ்ட் டயர்ட்" என்று அவரே சொல்லிவிட்டார். பத்தாவது கேள்வி அவள் காதுக்கே போகவில்லை. கெட்ட மனிதர் இல்லை. "அவகிட்ட அதை எப்படிங்க கேக்கிறது?" என்று பின்னால் என்னிடம் சொன்னார். தாளில் எல்லாம் நலம் என்று பதிவாகிவிட்டது. பிள்ளை தவழ ஆரம்பித்த பிறகுதான் அவளுக்குச் சிகிச்சை கிடைத்தது. எனக்கு அந்த ஹெல்த் விசிட்டர் மேல்தான் அதிக ஆத்திரம். வீட்டு ஆட்களை மொழிபெயர்ப்பாளராக வைக்கக் கூடாது என்று என்.எச்.எஸ். (இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவை) வழிகாட்டுதலே சொல்கிறது.

அதனால் தேதி குறிக்கும்போதே தமிழ் இன்டர்ப்ரெட்டர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இலவசம். நம் ஆளாக இருந்தால் ஊரெல்லாம் பரவிவிடுமே என்ற பயம் எனக்கும் புரியும், நம் சமூகம் அப்படி. ரகசியம் காக்க வேண்டியது அவர்கள் கடமை. அப்படியும் மனசு ஒப்பவில்லையென்றால் தொலைபேசி வழியாகக் கேளுங்கள், முகம் தெரியாது. எடின்பரோ கேள்வித்தாளுக்குத் தமிழ் வடிவமும் இருக்கிறது, அதையும் கேளுங்கள். "தனியாகப் பேச வேண்டும்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. மாமியார் அந்த நேரத்தில் சமையலறையில் ரசம் வைக்கட்டும்.

ஹெல்த் விசிட்டரை நம்பித்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. என்.எச்.எஸ். டாக்கிங் தெரபீஸ் (பேசிப் பேசியே மனசைத் தேற்றும் சிகிச்சை) சேவைக்கு, ஜி.பி. கடிதம் இல்லாமல் நீங்களே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கர்ப்பமாக இருக்கிறீர்கள் அல்லது கைக்குழந்தை இருக்கிறது என்பதை மறக்காமல் எழுதுங்கள், முன்னுரிமை கொடுப்பார்கள். அங்கேயும் இன்டர்ப்ரெட்டர் உண்டு. நம்மில் பலர் விசாவுக்கே ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டிவிட்டு வந்தவர்கள். கேட்க எதற்குக் கூச்சம்?

"மனசு சரியில்லைன்னு சொன்னா பிள்ளையைப் பிடுங்கிடுவாங்க" என்று ஒரு வதந்தி சுற்றுகிறது. மனச்சோர்வு என்று சொன்னதற்காக யாரும் பிள்ளையை எடுத்துப் போவதில்லை. நோய் தீவிரமாகி மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தால்கூட, தாயையும் சேயையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பிரிவுகள் இங்கே இருக்கின்றன.

மூன்றாம் நாள் வாக்கில் வரும் காரணமில்லாத அழுகை பலருக்கும் உண்டு, இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அடங்கவில்லையென்றால் ஜி.பி.க்குப் போன் போடுங்கள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகளும் உண்டு, பால் கெட்டுவிடும் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் 111 அழைத்து 2ஐ அமுக்குங்கள். உடனடி ஆபத்து என்றால் 999.

வீட்டுக்காரர்களுக்கு ஒன்று. பிரசவமான சில நாளிலேயே அவள் தூக்கம் அடியோடு போய், இல்லாத குரல் கேட்கிறது என்றோ பிள்ளையைப் பற்றி விபரீதமாகவோ பேசினால், ஊருக்குப் போன் போட்டு மந்திரிக்க ஆள் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவு.